ஒசாகாவின் நிப்பொன்பாஷி: மாடல் கிட்டும் ஃபிகரும் வாங்கச் செல்லும் புதியவர்களுக்கு

மாடல் கிட் (பாகங்களைச் சேர்த்துச் செய்யும் மாதிரி), ஃபிகர் (கதாபாத்திரங்களின் சிலைப் பொம்மை), ரயில் மாதிரி, பழைய வீடியோ கேம் ஆகியவற்றைத் தேடி ஜப்பானுக்குப் போக நினைப்பவர்களில் பெரும்பாலோர் டோக்கியோவின் அகிஹபாராவையே முதலில் குறித்துக்கொள்கிறார்கள். முதற்பயணத்துக்கு ஒசாகாவே பொருத்தமானது என்பது என் கருத்து. அந்நகரின் நிப்பொன்பாஷி பகுதியில் டென்டென் டவுன் என்று அழைக்கப்படும் கடைத்தெரு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதன் வடக்கு முனையை ஒட்டி நம்பா ரயில் நிலையமும் டோதோன்போரி கால்வாயும் இருக்கின்றன. தெற்கு முனையில் சூடென்காக்கு கோபுரமும், அதற்கும் அப்பால் ஜப்பானின் மிகப் பழைய புத்த ஆலயங்களுள் ஒன்றும் இருக்கின்றன. ஆகவே கடை பார்க்க ஒரு நாள், ஊர் பார்க்க ஒரு நாள் என்று பிரிக்காமல், ஒரே நடையில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்.

இந்தத் தெரு தொடக்கத்திலிருந்தே பொம்மைத் தெருவாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்கே பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்தன. போருக்குப் பின் வானொலி உதிரிப் பாகங்களும், பிறகு வீட்டு மின்சாதனங்களும் வந்தன. மின்சாதன வணிகம் பெரிய ரயில் நிலையங்களை ஒட்டிய பேரங்காடிகளுக்கு நகர்ந்தபோது, காலியான இடங்களில் மாடல், அனிமே, கேம் கடைகள் குடியேறின. அதனால்தான் இன்றும் கன்டாம் என்ற அனிமே ரோபோவின் கிட் விற்கும் கடைக்குச் சில அடி தள்ளி ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சில்லறையாக விற்கும் கடை ஒன்று நிற்கிறது.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். காலத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரை நீளும் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்டு நடுவில் வரும் ஓபோன் என்ற முன்னோர் நினைவு விழா, ஆண்டு முடிவு நாட்கள் ஆகிய மூன்றையும் தவிர்ப்பது நல்லது. ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு நடப்பவருக்கு அது தொல்லையான பருவம்.

வாங்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதும்போது பொருளின் பெயரோடு பெட்டியின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் கிட்டைப் பொறுத்தவரை எடை பெரும்பாலும் சிக்கலாவதில்லை. பெட்டி பிடிக்கும் இடம்தான் சிக்கல். போகும்போது பயணப்பெட்டியைப் பாதி காலியாகவே கொண்டுபோங்கள்.

மின்சாரத்தையும் இப்போதே எண்ணிப் பார்த்துவிட வேண்டும். ஒசாகாவில் மின்னழுத்தம் 100 வோல்ட். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 230 வோல்ட். மாதிரி ரயிலை ஓட்டும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியும் பழைய கேம் கருவிகளின் அடாப்டரும் பல நேரங்களில் 100 வோல்ட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றை ஊருக்குக் கொண்டுவந்து நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். செருகுமுனையின் வடிவத்தை மட்டும் மாற்றும் சிறிய செருகி மின்னழுத்தத்தைக் குறைக்காது. அதற்குத் தனியாக மின்மாற்றி வேண்டும். அடாப்டரின் அடிப்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

வந்து இறங்கியதும்

கன்சாய் விமான நிலையம் கடலில் மண் கொட்டி எழுப்பிய தீவில் 1994இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து நம்பாவுக்கு நான்காய் நிறுவனத்தின் ரயில் நேராகச் செல்கிறது. ராபிட் என்ற சிறப்பு விரைவு வண்டியில் இருக்கை முன்பதிவுடன் ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். முன்பதிவு தேவைப்படாத ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் அதைவிடச் சில நிமிடங்களே கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, கட்டணமும் குறைவு. சிறப்பு வண்டியைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் பணத்தைத் தெருவில் செலவழிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு எக்ஸ்பிரஸ் போதும். தங்குமிடத்தை நம்பாவுக்கு அருகிலேயே பிடியுங்கள். அதன் காரணம் பின்னால் விளங்கும்.

இகோகா என்ற பயண அட்டையை நிலையத்திலேயே வாங்கிவிட்டால் ரயில், மெட்ரோ, பேருந்து, மளிகைக் கடை எல்லாவற்றுக்கும் பயன்படும். 500 யென் வைப்புத்தொகை அதில் அடங்கும். பணம் எடுப்பதற்கு செவன்-இலெவன் கடைகளில் உள்ள இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கின்றன. பெரிய கடைகள் கடன் அட்டையை வாங்கிக்கொண்டாலும், சிறிய பழம்பொருள் கடைகளில் ரொக்கம்தான் உறுதியானது. 100 யென் நாணயங்களைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். கச்சபோன் எனப்படும் உருண்டைப் பொம்மை இயந்திரங்கள் பெரும்பாலும் அவற்றையே கேட்கின்றன.

எந்தத் திசையில் நடப்பது

பெரும்பாலான பயணிகள் நம்பாவில் தொடங்கித் தெற்கே நடக்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறான திசையைப் பரிந்துரைக்கிறேன். காலையில் காலிக் கையுடன் தெற்கே சென்று ஊரைப் பார்த்துவிட்டு, நண்பகலில் கடைத்தெருவின் தென்முனையில் நுழைந்து, பைகள் கனக்கத் தொடங்கும் மாலையில் வடமுனையில் இருக்கும் தங்குமிடத்தை அடைந்துவிடலாம். கடைகள் திறக்கும் நேரமும் இந்தத் திசைக்கே இசைவாக இருக்கிறது. புதிய பொருள் விற்கும் பெரிய கடைகள் பத்து, பதினோரு மணிக்குத் திறக்கின்றன. பழம்பொருள் கடைகளில் சில நண்பகலுக்கு முன் கதவைத் திறப்பதில்லை.

முதலில் மெட்ரோவில் ஷிட்டென்னோஜி-மாஏ யூஹிகாஓகா நிலையத்துக்குச் செல்லுங்கள். மின்படியில் ஒசாகா மக்கள் வலப்பக்கம் நின்று இடப்பக்கத்தை வழிவிடுவார்கள். டோக்கியோவில் இது தலைகீழ். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ஷிட்டென்னோஜி ஆலயம் வந்துவிடும். 593ஆம் ஆண்டில் இளவரசர் ஷோத்தோக்கு நிறுவியதாகச் சொல்லப்படும் இந்த ஆலயத்தின் கட்டடங்கள் தீயாலும் போராலும் பலமுறை அழிந்து மீண்டும் எழுப்பப்பட்டவை. ஆனால் வாயில், ஐந்தடுக்குக் கோபுரம், பொன் மண்டபம், சொற்பொழிவு மண்டபம் ஆகியவை தெற்கிலிருந்து வடக்காக ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் பழைய அமைப்பு மாறவில்லை. ஒவ்வொரு மாதமும் 21, 22 தேதிகளில் இதன் வளாகத்தில் சந்தை கூடுகிறது. பழைய தகரப் பொம்மை, பீங்கான், கிமோனோ, தபால்தலை என்று விரித்து வைத்திருப்பார்கள். பயணத் தேதியைச் சற்று நகர்த்தி இதனோடு பொருத்த முடியுமானால் தயங்காமல் அப்படிச் செய்யுங்கள்.

அங்கிருந்து மேற்கே இறங்கினால் டென்னோஜி பூங்காவும் 1915இல் திறந்த உயிரியல் பூங்காவும் வரும். அவற்றைக் கடந்தால் ஷின்செகாய். 1912இல் வடபாதியைப் பாரிஸ் போலவும், தென்பாதியை நியூயார்க்கின் கோனி தீவு போலவும் அமைக்க முயன்ற கேளிக்கைப் பகுதி இது. இன்று இருக்கும் சூடென்காக்கு 1956இல் கட்டிய இரண்டாவது கோபுரம். அதை வடிவமைத்த நைத்தோ தாச்சூவே டோக்கியோ கோபுரத்தையும் வடிவமைத்தவர். மேலே பில்லிக்கன் என்ற சிரித்த முகச் சிலை உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளங்காலைத் தேய்த்தால் நல்லது நடக்கும் என்று வருபவர்கள் எல்லாம் தேய்க்கிறார்கள். ஜப்பானியத் தெய்வம் போலத் தோன்றினாலும், 1908இல் அமெரிக்கப் பெண் ஓவியர் ஒருவர் உருவாக்கிய பொம்மை அது. பொம்மை வாங்கப் போகிறவர் வழியில் பார்த்துவிட்டுப் போக வேண்டிய பொம்மைதான்.

மதிய உணவை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். குச்சியில் கோத்துப் பொரித்த குஷிகாத்சு இப்பகுதியின் உணவு. பொதுச் சாஸ் கிண்ணம் வைத்திருக்கும் கடையில், கடித்த குச்சியை மறுபடி அதில் தோய்க்கக் கூடாது. சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி போலத் தெரியும் உணவிலும் மீன் சாறு கலந்திருப்பது அங்கே வழக்கம். நம்பா பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு. அவசரத்துக்கு மளிகைக் கடைகளில் கிடைக்கும் ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை கைகொடுக்கும், அதிலும் உட்பொருள் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டென்டென் டவுனுக்குள்

சூடென்காக்குவிலிருந்து எபிசுசோ நிலையம் வரை நடந்து அங்கிருந்து வடக்கே திரும்பினால் கடைத்தெரு தொடங்கிவிடும். சகாய்சுஜி என்ற பெருஞ்சாலையும், அதற்கு மேற்கே ஒரு தெரு தள்ளி இணையாகச் செல்லும் ஓத்தா ரோடும்தான் இதன் இரண்டு முதுகெலும்புகள். பெருஞ்சாலையின் ஒரு பக்கமாக வடக்கே நடந்து, ஓத்தா ரோடு வழியாகத் தெற்கே வந்து, மறுபடி வடக்கே நடந்தால் ஏறக்குறைய எல்லாக் கடைகளையும் பார்த்துவிடலாம். தரைத்தளம் மட்டும் பார்த்துத் திரும்புவது புதியவர்கள் பலரும் செய்வது. நல்ல கடைகள் குறுகிய கட்டடங்களில் மாடி மாடியாக அடுக்கியிருக்கின்றன; நுழைவாயிலில் ஒட்டியிருக்கும் தளப்பட்டியலைப் படித்துவிட்டு மின்தூக்கியில் மேலே போய், ஒவ்வொரு தளமாக இறங்கி வருவது எளிது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் 18 என்ற எண் எழுதிய திரையோ பலகையோ உள்ள தளத்தில் திரும்பிவிட வேண்டும். ஓத்தா ரோட்டில் மெய்ட் கஃபேக்களுக்கு (பணிப்பெண் உடையில் பரிமாறும் காபிக்கடைகளுக்கு) அழைக்கும் பெண்கள் துண்டுச்சீட்டு நீட்டுவார்கள். வேண்டாமென்றால் தலையசைத்துவிட்டு நடக்கலாம்.

மாடல் கிட்டுகளுக்கு ஒசாகா நிறுவனமான ஜோஷினின் கிட்ஸ்லேண்டும், கியோத்தோவைச் சேர்ந்த வோல்க்ஸ் நிறுவனத்தின் காட்சியகமும் முதலில் பார்க்க வேண்டியவை. கன்டாம் கிட்டுகள் 1980இல் பான்டாய் நிறுவனத்தால் தொடங்கப்பட்டவை. தொடக்கநிலையாளருக்கு எச்ஜி (ஹை கிரேட்) வரிசை போதும். அது 1/144 அளவு. 18 மீட்டர் உயரமாகக் கற்பனை செய்யப்பட்ட முதல் கன்டாம் அதில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நிற்கும். 1/100 அளவுள்ள எம்ஜியும் (மாஸ்டர் கிரேட்), 1/60 அளவுள்ள பிஜியும் (பெர்ஃபெக்ட் கிரேட்) பின்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்றைய கிட்டுகளின் பாகங்கள் நிறமேற்றிய பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, பசையில்லாமல் பொருந்துவதால், பெயின்ட் வாங்கும் தேவையும் இல்லை. புதிதாக வெளிவந்த கிட்டுகளுக்கு ஆளுக்கு ஒன்று என்று கடைகள் வரம்பு விதிப்பதுண்டு. அதை மீறிக் கேட்டுப் பயனில்லை. பேரம் பேசும் வழக்கமும் இல்லை.

கிட்டைக் காட்டிலும் கருவி வாங்குவதே சிறந்த செலவு என்று நான் நினைக்கிறேன். நீகாத்தா மாநிலத்தின் சுபாமே நகரில் தயாராகும் காட்ஹேண்ட் நிறுவனத்தின் ஒற்றை விளிம்பு நிப்பர் என்ற வெட்டுக்குறடு பிளாஸ்டிக்கை வெண்தழும்பில்லாமல் வெட்டும். பையில் இடமும் பிடிக்காது. ஆனால் அது மெல்லிய இணைப்புகளுக்கு மட்டுமே. பாகங்களைத் தாங்கும் தடித்த பிளாஸ்டிக் சட்டத்தை வெட்டினால் விளிம்பு உடைந்துபோகும் என்பதால், முதல் வெட்டுக்கு ஒரு சாதாரண நிப்பரையும் சேர்த்து வாங்குங்கள்.

ரயில் மாதிரிகளில் ஜப்பானில் பரவலானது என் கேஜ். தண்டவாளத்தின் இடைவெளி 9 மில்லிமீட்டர்; வண்டிகள் 1/150 அளவு, ஷின்கான்சென் மட்டும் 1/160. கேட்டோ, டோமிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பொருந்தாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே தொடர வேண்டும். வண்டிகள் எந்தத் தண்டவாளத்திலும் ஓடும். மின்னணுப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் சிலிக்கான் ஹவுஸ் என்ற உதிரிப்பாகக் கடையை விட்டுவிடக் கூடாது. பழைய கேம்களுக்கு சூப்பர் பொட்டேட்டோ என்ற கடை பெயர்பெற்றது, விலையும் அதற்கேற்ப உயர்ந்தே இருக்கும்.

பழம்பொருள் வாங்கும் முறை

இந்தத் தெருவின் உண்மையான செல்வம் சுருகாயா போன்ற பழம்பொருள் கடைகளில்தான் இருக்கிறது. ஜப்பானில் பழையது என்றால் தேய்ந்தது என்று பொருளில்லை; பெட்டி பிரிக்காமலேயே கைமாறி வந்த பொருள்கள் நிறைய உண்டு. விலைச்சீட்டில் பொருளின் நிலையை எழுதியிருப்பார்கள். செல்பேசியின் கேமரா மொழிபெயர்ப்பை வைத்து அதைப் படிக்காமல் எதையும் எடுக்காதீர்கள். மிகாய்ஃபூ என்றால் பிரிக்காதது. கெப்பின் என்றால் ஏதோ ஒரு பாகம் இல்லை. எது இல்லை என்பதும் அருகில் எழுதப்பட்டிருக்கும். ஜங்க் என்று எழுதியிருந்தால் இயங்கும் என்ற உறுதியும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பெட்டியில் மட்டும் சேதம் உள்ள பொருள் விலை குறைவாக இருக்கும். எப்படியும் பெட்டியைப் பிரித்து மடித்தே ஊருக்குக் கொண்டுவரப் போகிறவருக்கு அதுவே நல்ல வாங்கல்.

கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக அடுக்கிய கடைகளும் உண்டு. அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றையும் தனிநபர் ஒருவர் வாடகைக்கு எடுத்துத் தம் பொருளை வைத்திருப்பார், விலையை அவரே முடிவு செய்வார். ஆகவே ஒரு பெட்டியில் இருக்கும் அதே ஃபிகர் இரண்டு வரிசை தள்ளிப் பாதி விலையில் இருக்கலாம். வேண்டிய பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு பணியாளரிடம் சொன்னால் திறந்து எடுத்துக் கொடுப்பார். விளையாட்டுக் கூடங்களின் கொக்கி இயந்திரங்களில் பரிசாக வரும் ஃபிகர்களும் இக்கடைகளுக்கே வந்து சேர்கின்றன. கொக்கியோடு போராடி நாணயங்களை இழப்பதற்குப் பதிலாக அதே பொம்மையை இங்கே வாங்கிவிடலாம்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: உற்பத்தியில் இருக்கும் புதிய பொருளைக் கண்டவுடன் வாங்காதீர்கள், பழைய பொருளைக் கண்டபின் விட்டுவிட்டுப் போகாதீர்கள். புதியது பத்துக் கடைகளில் இருக்கும். கடைசி நாளில்கூட ஒசாகா நிலையத்தை ஒட்டிய யோதோபாஷி உமேதா என்ற மின்னணுப் பேரங்காடியில் இரவு 10 மணி வரை வாங்கலாம். பழையது ஒன்றுதான் இருக்கும்.

கடைக்குள் பல இடங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. பணத்தைப் பணியாளர் கையில் கொடுக்காமல் முன்னால் உள்ள தட்டில் வைக்க வேண்டும்.

வரிவிலக்கு

விலையில் 10 சதவீத நுகர்வு வரி சேர்ந்திருக்கும். ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கும் குறுகிய காலப் பயணிகளுக்கு, அனுமதி பெற்ற கடைகளில் அந்த வரி விலக்கு உண்டு. அசல் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்; நகலோ செல்பேசிப் படமோ செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது: கடையில் வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்கத்தில் பொருளைக் காட்டி உறுதி செய்தபின் வரியைத் திரும்பப் பெற வேண்டும். அதன்பின் பயணம் செய்பவர்கள் விமான நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே போவதும், வாங்கிய பொருள்களை எளிதில் எடுத்துக் காட்டும்படி அடுக்குவதும் நல்லது. சிறு சிறு தொகையாகப் பல கடைகளில் வாங்குவதைவிட, ஒரே கடையில் சேர்த்து வாங்கி 5,000 யென்னை எட்டுவது லாபம்.

வடமுனையில் மாலை

கடைத்தெருவின் வடக்கே டோகுயாசுஜி என்ற கூரையிட்ட சந்து இருக்கிறது. உணவகங்களுக்கான பாத்திரம், கத்தி, காட்சிக்கு வைக்கும் பிளாஸ்டிக் உணவு மாதிரிகள் எல்லாம் இங்கே கிடைக்கும்; மாடல் செய்பவர்களின் கண்ணுக்கு இந்த உணவு மாதிரிகள் தனி விருந்து. கத்தி வாங்கினால் பிரிக்காமல் தங்குமிடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். தக்க காரணமின்றிக் கத்தியோடு நடமாடுவது அங்கே சட்டப்படி குற்றம். நிப்பொன்பாஷி மெட்ரோ நிலையத்துக்கு அருகில் 1984இல் திறந்த தேசிய புன்ராக்கு அரங்கம் இருக்கிறது. ஒரே பொம்மையை மூவர் சேர்ந்து இயக்கும் பொம்மலாட்டம் இது. முழு நிகழ்ச்சி பல மணி நேரம் நீளும். ஒரு காட்சிக்கு மட்டும் தனிச்சீட்டு வாங்கும் வசதி உண்டு. நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை என்பதால் தேதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், ஒசாகா கோட்டைக்குப் போகலாம். 1583இல் தொயோதோமி ஹிதெயோஷி தொடங்கிய கோட்டை அது. இன்று நிற்கும் மையக் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே மின்தூக்கியும் அருங்காட்சியகமும் உண்டு. எனக்கு அதன் கருங்கல் மதிலும் அகழியுமே மேலானவை, அவற்றைச் சுற்றி நடக்கக் கட்டணமும் இல்லை. ரயில் விரும்பிகள் கோட்டையை விட்டுவிட்டு, கியோத்தோ ரயில் அருங்காட்சியகத்துக்குப் போவதே மேல். மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஓவியர் டெசூக்கா ஒசாமுவின் ரசிகர்களுக்கு தக்கராசூக்காவில் 1994இல் திறந்த நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. நின்டென்டோ, போக்கேமான் கடைகள் இரண்டும் உமேதாவின் டைமாரு கட்டடத்தில் 13ஆம் தளத்தில் அருகருகே உள்ளன.

மூட்டை கட்டுதல்

கிட்டுகளின் சட்டங்களை உறையோடு வெளியே எடுத்து, பெட்டி அட்டையைத் தட்டையாக மடித்து அடியில் வைத்தால் பாதி இடம் மிச்சமாகும். ஃபிகர்களை அவ்வாறு செய்யக் கூடாது. அவற்றின் உள்வார்ப்பு உறைதான் பாதுகாப்பு. துணிகளை நடுவே வைத்து, ஃபிகர் பெட்டிகள் பயணப்பெட்டியின் ஓரத்தைத் தொடாதபடி அடுக்குங்கள். பெயின்ட், தின்னர், ஸ்பிரே, பிளாஸ்டிக் பசை ஆகியவை தீப்பற்றும் பொருள்கள். விமானத்தில் கையிலும் சரக்கிலும் இவற்றைக் கொண்டுபோக முடியாது என்றே கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி தனியாக இருந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். நிப்பர், கத்தி ஆகியவை சரக்குப் பெட்டியில் போக வேண்டும். துப்பாக்கி வடிவப் பொம்மை, வாள் மாதிரி ஆகியவை ஊர்ச் சுங்கத்தில் நீண்ட விளக்கத்துக்கு இடம் கொடுக்கும். வாங்காமல் விடுவதே எளிது.

அளவு மீறிவிட்டால் ஜப்பான் அஞ்சலின் ஈஎம்எஸ் சேவையில் ஒரு பொதி 30 கிலோ வரை அனுப்பலாம்; முகவரிச் சீட்டையும் உள்ளடக்கப் பட்டியலையும் இணையத்தில் நிரப்பிய பின் அஞ்சலகத்துக்குச் செல்ல வேண்டும். வரிவிலக்குடன் வாங்கியவற்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அவை உங்களோடு நாட்டை விட்டுச் செல்ல வேண்டியவை. கன்சாய் விமான நிலையத்துக்குப் பயணப்பெட்டியை முன்கூட்டி அனுப்பும் தக்குபின் சேவையைத் தங்குமிட வரவேற்பறையிலேயே ஏற்பாடு செய்யலாம். விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒப்படைத்துவிடுங்கள். கடை ரசீதுகளை ஓர் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் விமான நிலையச் சுங்க அதிகாரி பொம்மையின் விலையைக் கேட்டால், பழம்பொருள் கடை ரசீதில் உள்ள தொகையைக் காட்டிப் பேசுவது எளிதாக இருக்கும்.